எழுதுவது இடக்கை, சாப்பிடுவது வலக்கை: என் மகள் எந்தப் பக்கம்?

கேள்வி: நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பென்சில் பிடிப்பது, படம் வரைவது, வாசலில் கோலம் போட்டுப் பழகுவது எல்லாம் இடது கையால். ஆனால் சோறு சாப்பிடுவது, பந்து எறிவது, கத்தரிக்கோலால் வெட்டுவது வலது கையால். மூன்று வயதில் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்கு அழைத்துப்போய், வலது கை விரலைப் பிடித்துத்தான் நெல்லில் எழுத வைத்தோம். “சாப்பாட்டுக்கு மாறிய கை எழுத்துக்கு மாறாதா? இப்போதே மாற்றிவிடு. பிறகு நடவு வரிசையில் நின்றால் பக்கத்தில் நிற்பவளை இடிப்பாள்” என்கிறார் என் மாமியார். என் கணவரையும் சிறு வயதில் அவர்தான் மாற்றினாராம். “எனக்கு என்ன குறைந்துவிட்டது?” என்கிறார் கணவர். வகுப்பு ஆசிரியையோ அப்படியே விடச் சொல்கிறார். இரண்டு கைகளையும் கலந்து பயன்படுத்தினால் மூளை குழம்புமா? திக்குவாய் வருமா? இவள் இடது கைக்காரியா, வலது கைக்காரியா?

பதில் அளிப்பவர்: குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவர்)

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பென்சில் இருக்கும் கையை மாற்றாதீர்கள். சோறு எடுக்கும் கையையும் மாற்றாதீர்கள். இரண்டும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஆசிரியை சொன்னது சரி. உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரி; எந்தப் பாதி என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

இடதா வலதா என்று கேட்கும்போது, ரத்தப் பிரிவைக் கேட்பது போல ஒற்றைச் சொல்லில் பதில் எதிர்பார்க்கிறோம். கை அப்படி அமைவதில்லை. எந்த வேலைக்கு எந்தக் கை என்பது வேலைக்கு வேலை தனியாகத் தீர்மானமாகிறது. எங்கள் துறையில் உலகெங்கும் பயன்படும் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. 1971இல் ஓல்ட்ஃபீல்டு என்ற உளவியலாளர் எடின்பரோவில் உருவாக்கியது. எழுதுவது, வரைவது, எறிவது, கத்தரிக்கோல், பல் துலக்கும் பிரஷ், கத்தி, ஸ்பூன், துடைப்பத்தில் மேலே இருக்கும் கை, தீக்குச்சி கிழிப்பது, பெட்டியின் மூடியைத் திறப்பது என்று பத்து வேலைகள். பதில்களைக் கூட்டினால் முழு இடக்கையிலிருந்து முழு வலக்கை வரை ஒரு நீண்ட கோட்டில் எங்கோ ஓர் இடம் கிடைக்கும். பெரும்பாலான வலக்கைக்காரர்கள் கோட்டின் ஓர் ஓரத்தில் குவிந்துவிடுவார்கள். இடது கையால் எழுதுகிறவர்கள்தான் கோடு முழுக்கச் சிதறி நிற்பார்கள். உங்கள் மகள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி, அவ்வளவுதான்.

அந்தத் துடைப்பக் கேள்வி நம் ஊருக்குப் பொருந்தாது. நின்றபடி இரண்டு கைகளாலும் நீளக் கம்பைப் பிடித்துப் பெருக்குகிறவர்களுக்காக எழுதியது அது. குனிந்து ஒரு கையால் தென்னந்துடைப்பத்தைப் பிடித்து வாசல் கூட்டுகிறவரிடம் மேலே எந்தக் கை என்று கேட்டால் சிரிப்பார். எனவே என்னிடம் வரும் குடும்பங்களிடம் நான் வேறு விதமாகக் கேட்பேன். ஊசியில் நூல் கோக்கும்போது நகர்வது நூலா, ஊசியா, அது எந்தக் கையில்? தேங்காய் உடைக்கும்போது அரிவாள் எங்கே? பூ கட்டும்போது நாரைச் சுற்றுவது எந்தக் கை? மாங்காய்க்குக் கல் எறிவது? கொசு அடிப்பது?

இந்தக் கேள்விகளை இன்று இரவே உங்கள் கணவரிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்வதைவிட, செய்து காட்டச் சொல்வது நல்லது. கேட்டால் எல்லாவற்றுக்கும் வலது கை என்றுதான் சொல்வார். சுத்தியலையும் தீக்குச்சியையும் கையில் கொடுத்துப் பாருங்கள். சிறு வயதில் எழுத்துக்கு மாற்றப்பட்டவர்களிடம் யாரும் மாற்றாத வேலைகள் பெரும்பாலும் பழைய கையிலேயே தங்கியிருக்கும்.

இதற்கு ஒரு பழைய ஆய்வு நல்ல சாட்சி. தைவானில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்களிடம் கேட்டு எழுதி 1976இல் வெளியானது. அங்கே அந்தக் காலத்தில் எழுதுவதற்கும் சாப்பிடுவதற்கும் இடது கையை வீடும் பள்ளியும் அனுமதிப்பதில்லை. விளைவு: இடது கையால் எழுதியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, 0.7 சதவீதம். சாப்பிட்டவர்கள் 1.5 சதவீதம். ஆனால் யாரும் கண்டுகொள்ளாத மற்ற வேலைகளில் இடது கையின் பங்கு மற்ற நாடுகளைப் போலவே இருந்தது. கண்டிப்பு எந்த வேலையின் மீது விழுந்ததோ அந்த வேலை மட்டும் மாறியது. பக்கத்து வேலை அசையவில்லை. பிரிட்டனிலும் 1900ஐ ஒட்டிப் பிறந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் இடது கையால் எழுதினார்கள். பள்ளிகள் கண்டிப்பை விட்ட பிறகு அது பத்தைத் தாண்டியது. சுமார் 24 லட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2020இல் வந்த ஆய்வு உலக அளவில் 10.6 சதவீதம் என்கிறது.

ஆகவே உங்கள் மாமியார் சொல்வதில் சரியான பாதி இது: கையை மாற்ற முடியும். காந்தியடிகள் 1909இல் கப்பலில் ‘இந்திய சுயராஜ்யம்’ எழுதியபோது வலது கை ஓய்ந்ததும் இடது கையால் தொடர்ந்து எழுதினார். பயிற்சி இருந்தால் எந்தக் கையும் எழுதும். தவறான பாதி, சாப்பாட்டுக்கு எளிதாக மாறியது எழுத்துக்கும் எளிதாக மாறும் என்று நினைப்பது. சோறு பிசைந்து வாயில் வைக்கும் பழக்கத்தை ஒன்றரை, இரண்டு வயதில், கையின் சாய்வு இன்னும் இறுகாதபோதே, தினம் மூன்று வேளை பழக்கிவிடுகிறீர்கள். அதற்கு வேகமும் வேண்டாம், நுட்பமும் அதிகம் வேண்டாம். எழுத்து அப்படியா? ஒரு சுழியைக் கூட்டிக் குறைத்தால் எழுத்தே மாறிவிடும் மொழியில், பத்தாம் வகுப்பில் மூன்று மணி நேரம் ஓயாமல் ஓட வேண்டிய கை அது. பொதுவாக நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் கை உறுதிப்பட்டுவிடும். உங்கள் மகளுக்கு உறுதிப்பட்டுவிட்டது. இப்போது மாற்றினால் ஓடப் பழகியவளை மறுபடி தவழச் சொல்கிறோம்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். அவருக்கு ஒன்றும் குறையவில்லை என்பதை நம்புகிறேன். மாற்றப்பட்ட பலர் நன்றாகவே வாழ்கிறார்கள். ஆனால் உள்ளே எல்லாம் இடம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் 2002இல், சிறு வயதில் வலது கைக்கு மாற்றப்பட்டவர்கள் எழுதும்போது மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். பல பத்தாண்டுகள் வலது கையால் எழுதிய பிறகும், பிறவி வலக்கைக்காரர்களிடம் காணாத அளவுக்கு மூளையின் வலது பாதியும் சேர்ந்து உழைத்துக்கொண்டிருந்தது. அவர் சமாளித்தார். சமாளிக்க வேண்டிய தேவை மகளுக்கு இல்லை. இன்னொன்று: பெற்றோரில் ஒருவர் இடக்கைக்காரராக இருந்தால் பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று மாமியார் வியக்க வேண்டியதில்லை. அவர் வளர்த்த பிள்ளையிடமிருந்துதான் வந்திருக்கக்கூடும்.

உங்கள் கவனக்குறைவால் வந்ததும் இல்லை. பெல்ஃபாஸ்ட் நகரில், கருவில் விரல் சூப்பிய 75 குழந்தைகளை ஸ்கேனில் பார்த்துக் குறித்துவைத்து, அவர்கள் வளர்ந்ததும் மறுபடி சோதித்தார்கள். வலது கட்டைவிரல் சூப்பிய 60 பேரும் வலக்கைக்காரர்களாகவே இருந்தார்கள். இடது விரல் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைக்காரர்கள், 5 பேர் வலக்கைக்காரர்கள். கூத்தனூருக்குப் போவதற்கு வெகு முன்பே, நெல்லும் பலப்பமும் அறியாத இருட்டில், பாதிக் கதை எழுதியாகிவிட்டது. கோயிலில் நீங்கள் வலது விரலைப் பிடித்து எழுத வைத்ததிலும் குறை ஒன்றும் இல்லை. எழுத்து தொடங்கிவிட்டது, தொடர்கிறது.

சரி, எழுத்து இடது என்றால் கத்தரிக்கோல் ஏன் வலது? அது அவள் தேர்ந்ததாக இருக்காது, கத்தரிக்கோல் தேர்ந்தது. கடையில் கிடைக்கும் கத்தரிக்கோல் வலது கைக்காகப் பொருத்தப்பட்டது. வலது கையால் மூடும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களும் தரும் அழுத்தம் இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று நெருக்கும். அதே கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் அழுத்தம் அலகுகளை விலக்கும். காகிதம் வெட்டுப்படாமல் மடங்கிக்கொள்ளும். வெட்டும் கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். நான்கு முறை மடங்கினால் ஐந்தாம் முறை குழந்தை கையை மாற்றிக்கொள்ளும். கணினி மவுஸும் இப்படித்தான், மேசையின் வலப்பக்கம் கிடப்பதால் இடது கையால் எழுதும் எத்தனையோ பேர் அதை வலது கையால் நகர்த்துகிறார்கள். தையல் இயந்திரத்தின் சக்கரம் வலது பக்கம். கல்லூரி நாற்காலியில் எழுதும் பலகை வலது பக்கம். நம் பந்தியும் வலது கைக்காகவே போடப்படுவது: நுனி இடது பக்கம் வர இலை போட்டால்தான் அகன்ற பகுதி வலது கைக்கு வாகாக வரும்.

பந்து எறிவது வேறு வகை. அதை யாரும் கற்றுத்தரவில்லை, கருவியும் கட்டாயப்படுத்தவில்லை. தோளும் உடம்பும் சேர்ந்து செய்யும் வேலைக்கு ஒரு கையும், விரல் நுனிகள் செய்யும் வேலைக்கு இன்னொரு கையும் அமைவது இடது கையால் எழுதுகிறவர்களிடம் அடிக்கடி காண்பது. சச்சின் டெண்டுல்கர் மட்டை பிடித்ததும் பந்து வீசியதும் வலது கையால். கையெழுத்துப் போடுவது இடது கையால். சவுரவ் கங்குலி நேர்மாறு, மட்டை மட்டும் இடது. நம் வாஷிங்டன் சுந்தர் இடது பக்கம் நின்று ஆடுகிறார், வலது கையால் சுழல் பந்து வீசுகிறார். மட்டையை வைத்துக் கையை முடிவு செய்வதே சந்தேகமான காரியம். இடது கை ஆட்டக்காரர் என்று சொல்கிறோமே, அவருடைய பிடியில் மேலே இருப்பது வலது கை.

நடவுக்கு வருவோம். உங்கள் மாமியார் வயலில் நிற்கும்போது ஒரு தரம் அவர் இடது கையைப் பாருங்கள். நாற்று முடியை, அதாவது நாற்றுக் கட்டினை, ஏந்தியிருப்பது அது. முடியிலிருந்து இரண்டு மூன்று நாற்றைக் கட்டைவிரலால் பிரித்து முன்னால் தள்ளித் தருவதும் அதுதான். வலது கை அதை வாங்கிச் சேற்றில் ஊன்றுகிறது. பிரித்துத் தரும் விரல் தடுமாறினால் ஊன்றும் கை எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை. 1987இல் யீவ் கியார் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார்: இரண்டு கைகளும் சேர்ந்து செய்யும் வேலையில் ஒரு கை களம் அமைக்கிறது, மற்றது அந்தக் களத்துக்குள் நுட்பமான வேலையைச் செய்கிறது. தஞ்சை சரஸ்வதி மகாலில் அடுக்கி வைத்திருக்கும் ஓலைச்சுவடிகளும் அப்படி எழுதியவைதான். எழுத்தாணி வலது கையில் இருந்தாலும், ஓலையைத் தாங்கியதும் எழுத எழுத அதை நகர்த்தியதும் இடது கை. ஒரு கையை நல்ல கை என்றும் மற்றதைச் சும்மா இருக்கும் கை என்றும் பிரிப்பது வேலை செய்கிறவர்களுக்குப் பொருந்தாத கணக்கு.

இடிக்கும் என்ற கவலைக்கும் விடை இருக்கிறது. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கை வாசிப்புக்காரர். மிருதங்கத்தின் சிறிய முகமான வலந்தலை சபையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதால், அவர் வாசித்தால் வயலின்காரரும் அவரும் மேடையில் இடம் மாறி உட்கார வேண்டியிருந்தது. அதற்குச் சிலர் முகம் சுளித்ததும் உண்டு. ஆனாலும் பாலக்காடு மணி ஐயர், இராமநாதபுரம் முருகபூபதி ஆகியோரோடு மிருதங்க மும்மூர்த்திகளில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். உட்காரும் இடத்தை மாற்றினால் போதுமாக இருந்தது. நடவு வரிசையிலும் இடது ஓரம் என்று ஒன்று இருக்கிறது.

மூளை குழம்புமா என்று கேட்டீர்கள். குழம்பாது. வலக்கைக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குப் பேச்சின் இருப்பிடம் மூளையின் இடது பாதி. இடக்கைக்காரர்களிலும் பத்தில் ஏழு பேருக்கு அதே பாதிதான். வேலைக்கு வேலை கை மாறுவதால் படிப்பு பின்தங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. திக்குவாய் பற்றிய பயம் வேறு வழியில் வந்தது: கையை மாற்றினால் திக்கும் என்று 1930களில் அமெரிக்காவில் ஒரு கருத்து பரவியது. பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. மாமியாரை மிரட்ட அதைப் பயன்படுத்தாதீர்கள். நியாயமான காரணங்களே போதும்.

நான் கவலைப்படும் குழந்தைகள் வேறு. ஒரே வேலையை, உதாரணமாக எழுத்தையே, பாதியில் கை மாற்றி மாற்றிச் செய்து, இரண்டு கைகளிலும் தடுமாறும் ஆறு ஏழு வயதுப் பிள்ளை. ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் நீட்டி, மற்றதை மூடியே வைத்திருக்கும் கைக்குழந்தை. அந்த வயதில் அப்படி இருந்தால் அதைக் கைப்பழக்கம் என்று விட்டுவிடக் கூடாது. அந்தப் பக்கத்தில் பலவீனம் இருக்கலாம். இதைப் படிக்கும் வேறு யார் வீட்டிலாவது அப்படி இருந்தால் திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குத் தாமதிக்காமல் போக வேண்டும். உங்கள் மகள் இந்த இரண்டிலும் இல்லை.

இனி செய்ய வேண்டியவை. தமிழ் இடமிருந்து வலமாகப் போவதால் இடது கை எழுதியதன் மீதே நகரும். சிலேட்டில் எழுதினால் பாதி அழிந்துவிடும். கோலத்தில் இந்தத் தொல்லை இல்லை, கை தரையைத் தொடுவதில்லையே. அதனால்தான் இடக்கைப் பிள்ளைகள் சிலரின் கோலம் அழகாகவும் நோட்டு அழுக்காகவும் இருக்கும். நோட்டை அவள் நெஞ்சுக்கு நேராக வைக்காமல் இடது பக்கம் தள்ளி, மேல் இடது மூலை உயர்ந்து, கீழ் வலது மூலை அவள் வயிற்றைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். பென்சிலைக் கூரிலிருந்து இரண்டு விரற்கடை மேலே பிடிக்கட்டும்; அப்போதுதான் எழுதுவது அவள் கண்ணுக்குத் தெரியும். மணிக்கட்டு வரிக்குக் கீழே இருக்க வேண்டும். எழுத்தைப் பார்ப்பதற்காகக் கையைக் கொக்கி போல மேலே வளைத்து எழுதும் பழக்கம் வந்துவிட்டால் பின்னாளில் கை வலிக்கும், அதை மட்டும் இப்போதே தடுங்கள். சில எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதினால் பதற வேண்டாம். ஏழு வயது வரை வலக்கைப் பிள்ளைகளும் எழுதுவார்கள். சுழியை எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் எழுத்து தெளிவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

மாமியாரிடம் அவளைப் பூ கட்டக் கற்றுத்தரச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து இல்லை, எதிரே உட்கார்ந்து. எதிரே இருப்பவரின் வலது கை குழந்தைக்குக் கண்ணாடி பிம்பம் போலத் தன் இடது கைக்கு நேராகத் தெரியும். அப்படியே பார்த்துச் செய்துவிடுவாள். விபூதி வாங்குவது, பெரியவர்களிடம் பொருள் கொடுப்பது இவற்றுக்கு வலது கை என்று அவர் விரும்பினால் சண்டை வேண்டாம். அது மரியாதை, சொல்லிக்கொடுத்தால் பழகிவிடும், பென்சிலைப் பாதிக்காது. ஆனால் கையில் அடிப்பது, கையைக் கட்டுவது, ‘பீச்சாங்கை’ என்று கேலி செய்வது, இவை வீட்டில் யார் வாயிலிருந்தும் யார் கையிலிருந்தும் வரக் கூடாது. இதில் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஆசிரியையிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது: பெஞ்சின் இடது ஓரத்தில் இடம். நடுவில் உட்கார்ந்தால் அவளுடைய இடது முழங்கையும் பக்கத்துப் பிள்ளையின் வலது முழங்கையும் நாள் முழுக்க மோதிக்கொண்டிருக்கும். கைவேலைப் பாடத்தில் வலது கையால் வெட்டுவது அவளுக்குச் சரளமாக வந்தால் அப்படியே விடலாம். சிரமப்படுகிறாள் என்று தெரிந்தால் இடது கைக் கத்தரிக்கோல் கேட்டு வாங்குங்கள். பெரிய எழுதுபொருள் கடைகளில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். பேனாவுக்கு மாறும்போது ஜெல் பேனா வேண்டாம், மை காய்வதற்குள் கை இழுத்துவிடும். சாதாரண பால்பாயிண்ட் பேனாவே நல்லது. அதற்கு இன்னும் ஓரிரு ஆண்டுகள் இருக்கின்றன; இப்போதைக்கு மென்மையான பென்சில் போதும்.